கன்னம் பட்ட மரம்

இல்லை பூரணம், கதை அதோடு முடியவில்லை. நாய் நக்கி முடித்த பீங்கானை அந்த வெள்ளைக்கார மனிசி என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்? எடுத்துக்கொண்டு போய்க் குசினித் தொட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் பேசினில் ஒருக்கால் தாழ்த்தினாள். பேசினுக்குள் மேலே சவர்க்கார நுரை, கீழே மாரிகாலத்து ஒழுங்கைத் தண்ணீர் போலச் சாம்பல் நிறத்தில் தண்ணீர். காலையில் முட்டை பொரித்த சட்டியும் அதற்குள்தான், தேத்தண்ணிக் கப்புகளும் அதற்குள்தான். கையை விட்டுத் துழாவி இரண்டு கப்புகளைத் தூக்கினாள். நுரை வழிய வழியத் துவாயால் துடைத்தாள். நல்ல தண்ணீரில் ஒரு அலம்பல்? கிடையாது. பக்கத்திலேயே பைப் இருக்கிறது, திறந்தால் சுடுதண்ணீர் வரும், கிணற்றில் அள்ளவும் தேவையில்லை. திறக்கவில்லை. அந்தக் கப்பிலேயே தேத்தண்ணியை ஊற்றிச் சிரித்துக்கொண்டு என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். மேலே ஒரு வெள்ளை மயிர் மிதக்கிறது. நாயின் மயிர். எனக்கு அடிவயிற்றில் இருந்து ஓங்காளம் வந்தது.

இந்த நாட்டில் பெரும்பாலும் இப்படித்தான் ஏனம் கழுவுகிறார்களாம். நான் வந்து இத்தனை வருஷத்தில் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான், ஏனென்றால் ஒரு வெள்ளைக்காரியின் குசினிக்குள் நான் காலடி வைத்ததும் அன்றைக்குத்தான். எதற்குப் போனேன் என்று கேளும். துவக்குக்குச் சாமான் வாங்கப் போனேன். பயப்படாதேயும். இந்தச் சொல்லைக் கேட்டதும் மருமகள் சுகந்தி எழுதுகிறதை விட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், கடிதத்தை வழியில் யாரும் உடைத்துப் பார்ப்பார்களாம். பார்க்கட்டும், வாசித்துச் சிரிக்கட்டும். எனக்கு எழுத்து வராது என்று உமக்குத் தெரியும். நான் வாய்க்கு வந்தபடி சொல்ல அவள் அதைப் பள்ளிக்கூடத் தமிழாக்கித் தாளில் வைக்கிறாள். ஊரில் படிப்பித்தவள் அல்லவா, சில சொற்களை எழுதவே மாட்டேன் என்கிறாள். உம்முடைய மகள் வாசித்துச் சொல்லும்போது அந்த இடங்களில் நீரே போட்டுக்கொள்ளும்.

இது காற்றுத் துவக்கு. ஒரு நீட்டு மண்டபத்தின் அந்தத் தலைப்பில் அட்டை கட்டி, இந்தத் தலைப்பில் நின்று, பயற்றங்கொட்டை அளவான ஈயக்குண்டால் நடுப்புள்ளியை அடிக்கிற விளையாட்டு. குருவியும் சாகாது, மனிதரும் சாகமாட்டார்கள். பேத்தி தர்ஷினி பள்ளிக்கூடத்துச் சிநேகிதியோடு ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனவள், அதிலேயே ஒட்டிக்கொண்டாள். ஆனால் பிள்ளை இடக்கை. சின்னனில் சோற்றுக்கு இடக்கையைப் போட்டால் தட்டித் தட்டி வலக்கைக்கு மாற்றினோம். கை மாறியது. கண் மாறவில்லை. குறி பார்க்க அவளுக்கு இடக்கண்தான் வரும். அந்த விளையாட்டுக் கிளப்பில் இருக்கிற துவக்குகள் எல்லாம் வலக்கைக்காரருக்குச் செய்தவை. தோளில் வைக்கிற மரப்பிடியில் கன்னத்தைச் சாய்க்க ஒரு மேடு இருக்கும், அது இவளுக்கு மற்றப் பக்கத்தில் கிடக்கிறது. கிளப்பில் பழக்குகிற மனிசன் நல்லவர். மரம் வெடித்துப்போன ஒரு பழைய துவக்கின் குழலையும் இரும்பையும் இவளுக்குச் சும்மா கொடுத்தார். இடக்கைக்கு ஒரு மரப்பிடி தேடிப் பூட்டினால் கோடையில் நடக்கிற போட்டிக்குப் பெண்பிள்ளைகள் குழுவில் இடம் தருவதாகவும் சொன்னார். இரும்பு கிடைத்துவிட்டது. மரம் கிடைக்கவில்லை.

என் மகன் ரவி பெட்ரோல் ஷெட்டில் நின்று வருகிறவன், வந்ததும் வராததுமாய் இதைக் கேட்டுக் குதித்தான். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். இஞ்ச காசு குடுத்து வாங்கிறதோ? விசர்க்கதை கதையாதை!"

"அப்பா, இட்ஸ் எ ஸ்போர்ட்!" என்று அழுதாள் பிள்ளை.

கடைசியில் அவன் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தான். பிறந்தநாளுக்கு வந்து சேர்ந்த அவளுடைய சொந்தக் காசுக்குள் சித்திரை வருஷப்பிறப்புக்கு முன் மரம் கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் இந்தக் கதையை விட்டுவிட்டுச் சனிக்கிழமைகளில் கணக்கு டியூஷன். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கடைக்காரர் இந்தச் சாமான்களை விற்கமாட்டார்களாம், பெரிய ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டுமாம். ரவிக்கு ஷிப்ட். சுகந்திக்கும் ஷிப்ட். மிச்சம் இருக்கிற பெரிய ஆள் நான்தான். பஸ் பாஸும் இருக்கிறது, பேரம் பேச வாயும் இருக்கிறது. எனக்குப் புளுகமும் சந்தோஷமும் தாங்கவில்லை. இங்கே சாமான் எல்லாவற்றிலும் விலையை ஒட்டி வைத்துவிடுகிறார்கள் பூரணம், எத்தனை வருஷமாய் ஒரு நல்ல பேரம் இல்லாமல் என் நாக்கே துருப்பிடித்துப்போய்க் கிடந்தது.

முதலில் போனது வால்தம்ஸ்டோவில் றெயில் பாலத்துக்குக் கீழே ஒரு கடை. துவக்கும் தூண்டிலும் சேர்த்து விற்கிற கடை. கதவைத் திறந்தால் ஒரு நரி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. செத்த நரி. உள்ளே எதையோ அடைத்து, கண்ணுக்குக் கண்ணாடிக் குண்டு பதித்து, நாக்குக்குச் சிவப்பு மை பூசியிருக்கிறார்கள், நாக்கிலே தூசி. அதற்குப் பக்கத்தில் நாலைந்து புறாக்கள் தலைகீழாகத் தொங்குகின்றன, அலகில் இருந்து சொட்டுகிற இரத்தத்துக்குப் பேப்பர் விரித்திருக்கிறது. சவங்களுக்கு நடுவில் இருந்து வியாபாரம் செய்கிற சனத்தை நான் இங்கேதான் கண்டேன். கடைக்காரனின் நகக்கண் எல்லாம் கறுப்பு எண்ணெய், அந்தக் கையாலேயே பன்றி இறைச்சி வைத்த பாணைத் தின்கிறான். ஒரு ஆள் வந்து ஏதோ கேட்டான். கடைக்காரன் எழும்பி ஃபிரிட்ஜைத் திறந்தான். ஒரு தட்டில் பால் போத்தல். அதே தட்டில், பால் போத்தலை முட்டிக்கொண்டு, ஒரு டப்பா நிறைய நெளிகிற புழு. மீன் பிடிக்கவாம். புழுவை அள்ளிக் கொடுத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்துப் பாணை எடுத்துத் திரும்பக் கடித்தான். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இடக்கை மரம் புதிதாக வாங்கக் கடைக்காரன் சொன்ன விலை ரவியின் மாதச் சம்பளம். ஆனால் மூலையில் பழைய உதிரிச் சாமான் போட்ட பெட்டி ஒன்று கிடந்தது. சுருள், ஆணி, வார் என்று எல்லாம் குவியலாய்க் கிடக்க, எனக்குச் சந்தைக்குப் போன மாதிரி இருந்தது, குந்தியிருந்து கிளறினேன். "அப்பம்மா, அதுதான்!" என்று தர்ஷினி ஒரு இரும்புத் துண்டைக் காட்டினாள், கண் வைத்துக் குறி பார்க்கிற துண்டு. அவளைக் கிள்ளினேன். வேண்டும் என்ற முகத்தைக் காட்டினால் விலை ஏறாதோ?

இரண்டு விரலால் அதைத் தூக்கினேன். "சீ! இதென்ன துருப்பிடிச்ச சாமான். குப்பையில போடுறதை எடுத்து வைச்சு விக்கிறியோ?" தமிழில்தான் சொன்னேன். பாஷை விளங்காவிட்டால் என்ன, மூக்கைச் சுழித்தால் விளங்கும்தானே. கீழே போட்டேன். திரும்ப எடுத்தேன். மணந்து பார்த்து "ஐயோ!" என்று முகத்தைத் திருப்பினேன். கடைக்காரன் பாணை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், ஏதோ சொன்னான். அந்த இரும்பையும் தோளில் மாட்டுகிற ஒரு வாரையும் பையில் போட்டுத் தந்து, காசு வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

"பாத்தியே அப்பம்மாவின்ர கெட்டித்தனத்தை? என்னடி சொன்னவன்?" என்றேன் வெளியில் வந்து.

பிள்ளையின் முகம் சிவந்திருந்தது. "ஒண்டுமில்லை அப்பம்மா."

"சொல்லு."

"அந்தக் கிழவியை முதல்ல கடையை விட்டுக் கூட்டிக்கொண்டு போ, சாமானைச் சும்மா தாறன் எண்டவன்."

எனக்கு என்ன சந்தோஷம்! சந்தையிலும் கடைசியில் இதைத்தானே சொல்வார்கள். உமக்கு நினைவிருக்கும், திரேசாவின் மீன்கடகத்தடியில் நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றால் அவள் எங்களைக் கண்டதும் சேலையை இழுத்துச் செருகுவாள். நான் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது மீனோ? பூனையும் திரும்பிப் பாராது" என்பேன். "பூனைக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் இல்லை. உன்ர மூஞ்சையை விட என்ர மீன் உயிரோட இருக்கு, வைச்சிட்டுப் போடி" என்பாள் அவள். நாங்கள் நாலடி நடப்போம். அவள் கூப்பிடுவாள். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் காறித் துப்புவோம். ஒருநாள் நீர் வாய் தவறி "நல்ல மீன்" என்றுவிட்டீர். திரேசா பயந்துபோய், "என்ன பூரணம், வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?" என்று கேட்டாளே! நான் நாட்டைவிட்டு வெளிக்கிடுகிறதற்கு முதல்நாளும் அப்படித்தான். போகப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். "நாறல் மீன்" என்றேன். "உன்ர நாத்தம் தாங்காமல் பிளேனால இறக்கிவிடப் போறாங்கள்" என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு பிடி நெத்தலியைக் கூடப் போட்டாள். வேறு பேச்சு இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது போதும்.

இந்தப் பெருமையோடுதான் சிங்ஃபோர்டுக்குப் பஸ் ஏறினேன். டொரீன் என்று ஒரு மனிசி, புருஷனை இழந்தவள், அவள் வீட்டில் இடக்கை மரம் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கிளப்பில் பழக்குகிறவர் சொல்லியிருந்தார். சித்திரை வருஷப்பிறப்புக்கு முன் வந்த கடைசிச் சனிக்கிழமை அது. இதுவும் தவறினால் டியூஷன்தான் என்று பிள்ளை பஸ்ஸில் காசை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டு வந்தாள். டொரீன் கதவைத் திறந்து என்னை "லவ்" என்று கூப்பிட்டாள். முன்பின் தெரியாத மனிசியை! வீட்டுக்குள் நாய் மணம் முகத்தில் அறைந்தது. பிஸ்கட் என்று பெயராம் அந்தக் கிழட்டு நாய்க்கு. கதிரையில் அது இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டு அந்தச் சூட்டிலேயே என்னை இருத்தினாள். கதிரைத் துணி முழுக்க மயிர். பிஸ்கட் தின்ற பீங்கானை அவள் கழுவின கோலத்தைத்தான் முதலிலேயே சொன்னேன். கப்பை நான் தொடவில்லை. சாறியை ஒடுக்கிக்கொண்டு நுனியில் இருந்தேன்.

பிறகு உள்ளே போய் ஒரு துவாயில் சுற்றின சாமானைக் கொண்டுவந்து மேசையில் வைத்து விரித்தாள். பூரணம், என்ன மரம்! வரி வரியாய் ஓடுகிற மண்ணிற மரம், அக்குரோட்டாம். கன்ன மேடு இடக்கைக்குத் தோதாகச் சரியான பக்கத்தில் இருக்கிறது. அந்த மேட்டில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, கைபட்டுத் தேய்ந்த உலக்கையின் நடுப்பக்கம் போல மினுங்குகிறது. விலை கேட்டோம். பிள்ளையிடம் இருந்த காசுக்குள்தான் இருந்தது. அப்படியே கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கேட்ட விலையைக் கொடுக்க என் பிறப்பிலேயே நான் பழகவில்லையே. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொடங்கினேன்.

இரண்டு விரலால் மரத்தைத் தூக்கி மூக்கைச் சுழித்தேன். விரலில் எச்சில் தொட்டு அந்தக் கறுப்பைத் தேய்த்தேன். சாறித் தலைப்பால் துடைத்து, தலைப்பில் ஏறின ஊத்தையை டொரீனின் முகத்துக்கு நேரே பிடித்தேன். "சீ, அரியண்டம்! ஆரின்ர ஊத்தையோ! இதுக்கும் ஒரு விலையோ?" சொல்லிவிட்டு, அவள் என்னைத் திட்டுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

அவள் திட்டவில்லை. என் கையில் இருந்து மரத்தை மெல்ல வாங்கி, குழந்தைப்பிள்ளையைச் சுற்றுவது போலத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு சொல் சொன்னாள்.

"என்னவாம்?"

"விக்கேல்லையாம்."

"முதல் அப்பிடித்தான் சொல்லுவினம். எழும்பு, வாசல் மட்டும் நடப்பம், கூப்பிடுவா."

"கூப்பிடமாட்டா, அப்பம்மா." பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. "அது ஊத்தை இல்லை. அவவின்ர ஹஸ்பண்ட் இவ்வளவு வருஷமும் கன்னம் வைச்ச இடம். போன வருஷம்தான் செத்தவர். நீங்கள் அதில எச்சில் போட்டுத் தேய்ச்சுப்போட்டீங்கள்."

"ஐயோ, நான் சும்மா சொன்னனான் எண்டு சொல்லு பிள்ளை. விலைக்காகச் சொன்னது எண்டு சொல்லு. நல்ல மரம் எண்டு சொல்லு."

"சொல்ல ஏலாது. இஞ்ச அப்பிடிப் பழக்கம் ஒண்டும் இல்லை. நீங்கள் சொன்னதை அவ நம்பிட்டா."

நம்பிவிட்டாள்! எத்தனை பேரிடம் எத்தனை சாமானைப் பார்த்து மூக்கைச் சுழித்திருப்பேன், ஒருவராவது நம்பியிருப்பார்களா? திரேசா நம்பியிருந்தால் அவள் கடகத்தோடு கடலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். இந்த மனிசி மடியில் ஒரு துவாய்ப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, திட்டத் தெரியாமல் இருக்கிறாள். நான் என்னத்தைச் சொன்னாலும் அவளுக்கு விளங்காது, விளங்கப்படுத்த வேண்டிய பிள்ளை அழுகிறது. டொரீனின் கண் மேசைக்குப் போனது. என் கப்பைப் பார்க்கிறாள். நிறைந்தபடி, ஆடை படர்ந்துபோய், மயிர் மிதந்துகொண்டு அப்படியே இருக்கிறது. அதையும் அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மரத்தைப் பார்த்து நான் காட்டினது பொய் அருவருப்பு. கப்பைப் பார்த்து வந்ததோ மெய். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கப்பை எடுத்தேன். முருகா என்று கண்ணை மூடினேன். நாயின் பீங்கானும் முட்டைச் சட்டியும் சேர்ந்து கிடந்த அந்தச் சாம்பல் தண்ணீர் கண்ணுக்குள் வந்து நின்றது. முதல் வாயில் சவர்க்காரம் நாக்கில் தட்டியது. இரண்டாவது வாயில் மயிர் தொண்டையில் ஒட்டியது. ஓங்காளம் மேலே வர வர அதற்கு மேலே தேத்தண்ணியை ஊற்றிக் கீழே தள்ளினேன். ஒரு சொட்டு விடவில்லை. குடித்து முடித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "வெரி குட்" என்று சொல்லி, கப்பைத் திரும்பவும் அவளிடம் நீட்டினேன்.

டொரீன் என்னைப் பார்த்தாள். கப்பைப் பார்த்தாள். எழும்பிப் போய் இன்னொரு கப் ஊற்றிக்கொண்டு வந்தாள். அதையும் குடித்தேன். நாய் வந்து என் மடியில் நாடியை வைத்து, கையை நக்கியது. கையை எடுக்கவில்லை. அது நக்க நக்க எனக்கு முழங்கை வரைக்கும் கூசியது, இருந்தாலும் எடுக்கவில்லை. அப்போதுதான் அவள் கதைக்கத் தொடங்கினாள், பிள்ளை மூக்கை உறிஞ்சி உறிஞ்சித் தமிழில் சொன்னாள். செத்துப்போன அந்த மனிசனும் இடக்கைதானாம். சின்னனில் பள்ளிக்கூடத்தில் இடக்கையால் எழுதினதற்கு வாத்தியார் விரல் மொளியில் கோடு போடுகிற அடிமட்டத்தால் அடித்தாராம். வெள்ளைக்காரருக்கும் இந்தப் புத்தி இருந்திருக்கிறது, பார்த்தீரா. டொரீன் துவாயை விரித்து, வைத்துப் பார் என்று தர்ஷினிக்கு மரத்தை நீட்டினாள். பிள்ளை தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தாள். எண்ணெய் வைத்துப் பின்னின இரட்டைப் பின்னல் அந்தக் கறுப்பில் பட்டுக்கொண்டு கிடந்தது. பூட்டினது போலப் பொருந்தியது. டொரீன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துடைக்க வேண்டாம், மினுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் கேட்டாள். கேட்ட விலையை நான் வாயைத் திறக்காமல் கொடுத்தேன். ஒரு சதம் குறைக்கவில்லை, பூரணம். திரேசாவிடம் சொல்லாதேயும்.

ரவி மரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நாய் மணக்குது" என்றான். பிறகு திருப்புளியை எடுத்து அவனே இரும்பையும் மரத்தையும் பூட்டிக் கொடுத்தான், ஆனால் அந்தச் சாமான் வீட்டில் ஒரு இரவும் தங்கக்கூடாது என்றான். கிளப்பின் அலுமாரியில்தான் இருக்கிறது. கோடையில் பிள்ளை குழுவில் நின்று அடித்தாள். தோற்றுப்போனார்கள். தோற்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டு திரிகின்றன, அதுவும் எனக்கு விளங்கவில்லை. டொரீன் நாயோடும் பிளாஸ்கோடும் வந்திருந்தாள், எனக்கென்று ஒரு கப்பும் கொண்டுவந்தாள். என்ன செய்வது, குடித்தேன். பழகவில்லை, பழகவும் மாட்டேன். ஒவ்வொரு முறையும் அதே ஓங்காளம்தான். டொரீன் மரத்தை எடுத்து அந்தக் கறுப்பைப் பெருவிரலால் தடவினாள், மணந்து பார்த்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். தேங்காயெண்ணெய். அந்த இடம் முன்னையதை விட இன்னும் கறுத்துப்போயிருக்கிறது. எது அவளுடைய மனிசன், எது எங்கள் வீட்டு எண்ணெய் என்று இனி ஒருவராலும் பிரிக்க ஏலாது.

திரேசாவைக் கண்டால் அவளுடைய மீன் லண்டன் வரைக்கும் நாறுகிறது என்று நான் சொன்னதாகச் சொல்லும். அவள் திருப்பி என்ன சொன்னாலும் ஒரு சொல் விடாமல் எழுதுவித்து அனுப்பும். இங்கே என்னைத் திட்ட ஒருவரும் இல்லை.

குசினிக்குள் தர்ஷினி கப்புகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறாள். சனிக்கிழமைகளில் டொரீன் வீட்டுக்குப் போய்வருகிற பிள்ளை. இங்கே இருந்தே பார்க்கிறேன், கப்பில் இருந்து நுரை வழிந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் பைப் இருக்கிறது. திறக்கவில்லை. சுகந்தி, பேனாவை மூடு, நான் போய் அதுகளை நல்ல தண்ணியில ஒருக்கால் அலம்பிப்போட்டு—